கண்ணாடியில் பார்த்த பூசை

இருக்கையின் மூடியைத் திறந்ததும்
முதலில் வந்தது எலி வாசனை.
அப்புறம் ஒரு நிறுத்துக் கடிகாரம்,
பாதி தீர்ந்த இருமல் மிட்டாய் டப்பா,
பாடல்தாள்களின் பின்புறத்தில்
பென்சில் கணக்கு:
பதினாறு வினாடி, படிக்கட்டு.
நாற்பத்திரண்டு, கத்தி.
ஒரு நிமிடம் ஏழு, அவள் சிரிக்கிறாள்
(இங்கே சும்மா இரு).

நான் குழாய்களில் தூசி எடுக்க வந்தவள்.
லிமோஜ் நகரத்துக் கோவில் ஒன்றில்
இரண்டாயிரத்து நூறு குழாய்கள்.
எவாரிஸ்த் குர்த்யால் முப்பத்தெட்டு வருஷம்
இவற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தார்,
ஊருக்கு முதுகு காட்டி.

பீடத்தைப் பார்க்க அவருக்கு இருந்தது
உள்ளங்கை அகலக் கண்ணாடி.
அதில் சாமியார் இடக்கையால் ஆசீர்வதிப்பார்.
மணப்பெண்கள் தப்பான பக்கம் நிற்பார்கள்.
சவப்பெட்டிகள் எல்லாம் தீப்பெட்டி அளவு.
மனைவி ஸொலாஞ்ஜின் பெட்டியும்
அதே அளவுதான்.
அன்றைக்கும் வாசித்தார்.
ஒரு கட்டைகூடப் பிசகவில்லை,
ஊரில் சிலர் அதையே குறையாகச் சொன்னார்கள்.

திங்கள் விடியலில் பாரிஸ் ரயில்.
மூன்றாம் வகுப்பு மரப்பலகை, மடியில் இசைத்தாள்.
எழுத்து நடுங்கினால் வண்டி ஓடுகிறது,
நேராக நின்றால் ஷத்தோரூ நிலையம்.
எந்தக் கொலை எங்கே எழுதப்பட்டதென்று
கையெழுத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

இருபத்தாறு படங்கள்.
போலி டாக்டர், மூழ்கும் படகு,
சுங்க அதிகாரியும் அவர் வளர்த்த வாத்தும்.
கோவில் தந்த பணம் மெழுகுவத்திக்குக் காணும்.
கரிக்கும் வாடகைக்கும் ஸொலாஞ்ஜின் மருந்துக்கும்
கொலைகாரர்கள் கொடுத்தார்கள்.

நஞ்சு வைப்பவன் மாடிப்படி ஏறும் இசையை
ஒருமுறை காணிக்கை நேரத்தில்,
மெதுவாக்கி, மென்குழாயில் ஏற்றி
வாசித்துவிட்டாராம்.
மறதியோ குறும்போ தெரியாது.
மூன்றாம் வரிசை மதாம் வோரி
சடாரெனத் திரும்பினாள்.
பூசை முடிந்ததும் புகார்.
பங்குச் சாமியார் தொண்டையைக் கனைத்தார்,
எந்தப் படம் என்று அவர் கேட்கவில்லை.
வியாழக்கிழமை அவரும் போயிருந்தார்,
தொப்பியைத் தாழ்த்திக்கொண்டு.

நாற்பத்து மூன்றின் குளிரில் மின்சாரம் போனது.
துருத்தி மிதிக்க ஒரு பையன் ஏறி வந்தான்,
ஜெர்மன் ஆலைகளுக்கு அனுப்பும் பட்டியலில்
பெயர் இருந்தவன்.
வந்தவன் இறங்கவில்லை.
துருத்திப் பலகையில் இன்னும் இருக்கின்றன
பதினோரு மாதத்துக்குப் பதினோரு கீறல்.
அந்த வருஷம் எதற்கென்றே தெரியாமல்
மெல்லிய இசையின் நடுவே
பெருங்குழாய்கள் முழங்கினவாம்.
குர்த்யாலின் ரசனை கெட்டுவிட்டது
என்று எழுதியது உள்ளூர்ப் பத்திரிகை.

மிட்டாய் டப்பாவை மறுபடி கையில் எடுத்தேன்.
அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அந்தக் காலப் படங்களில்
பெயர்கள் முதலில் வரும்.
இருட்டில் இடம் தேடி ஜனம் முட்டிக்கொள்கையில்
'இசை: எ. குர்த்யால்' வந்து போய்விடும்.
கோவிலிலோ அவர் ஆசைப்பட்டு வாசிப்பது
பூசை முடிந்தபின்,
நாற்காலிகள் கிறீச்சிட, குடைகளைத் தேடி
ஜனம் கலைகையில்.
இன்னும் உட்காராதவர்களுக்கும்
எழுந்துவிட்டவர்களுக்குமாக
ஓர் ஆயுள்.

கடைசித் தாளில் வினாடிக் கணக்கு இல்லை.
கத்தி இல்லை, படிக்கட்டு இல்லை.
எட்டு வரி இசை,
அடியில் ஒரு குறிப்பு:
கதவு சாத்தும் வரை.

உள்ளே குழாய்களுக்கு நடுவிலிருந்து
என் கூட்டாளி கத்துகிறான்,
சுருதி பார்க்கணும், ஏதாவது அழுத்து.
கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தேன்.
பீடத்தடியில் ஒருத்தி
இடக்கையால் தரை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு வரியும் தீர்ந்துவிட்டது.
அவள் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
முதலிலிருந்து ஆரம்பித்தேன்.